கழுவினால் வருவது

ஃபிலிமை டெவலப் செய்வதற்குத் தமிழில் கழுவுவது என்று பேர். ஸ்டூடியோக்காரரும் அப்படித்தான் சொன்னார். ரோலைக் கொடுத்துவிட்டு நாலு நாள் காத்திருந்தவரும் ‘கழுவியாச்சா?’ என்றுதான் கேட்டார். இந்தச் சொல்லை முதலில் இப்படி எடுத்தாண்டவர் யாரோ, அவர் தெரியாமலே ஒரு பழைய சமயக் கேள்வியின்மேல் கை வைத்துவிட்டார். பாவத்தையும் நாம் கழுவத்தானே செய்கிறோம்? காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போகிறவர்கள் கழுவிக்கொள்ளப் போகிறார்கள். ஞானஸ்நானம் பெறுகிறவர் கழுவப்படுகிறார். பிராயச்சித்தத்துக்குச் சங்கப் பாட்டில் வரும் சொல்லே கழுவாய். ஆனால் இந்த இரண்டு கழுவலும் எதிரெதிராகப் போகின்றன. பாவத்தைக் கழுவுகிறவர் ஒன்று போய்த் தொலையட்டும் என்று கழுவுகிறார். ஃபிலிமைக் கழுவுகிறவர் ஒன்று வந்து சேரட்டும் என்று கழுவுகிறார். செய்த பிழையிலிருந்து மீள்வது என்று சமயங்கள் பேசுவது இவ்விரண்டில் எதைப் போன்றது? இரண்டாவதைப் போன்றது என்பது என் கட்சி. அழுக்கு நீங்கிப் பழைய வெண்மை திரும்பும் என்ற நம்பிக்கை மீட்சியைப் பற்றிய பிழையான படம். எது பதிந்ததோ அதிலிருந்து எது வருமோ அதை வெளிக்கொணர்வதுதான் மீட்சி. பதியாததை எந்தக் கழுவலும் கொண்டுவராது. இதை இருட்டறையைச் சாட்சியாக வைத்தே வாதாட முடியும்.

முதலில் பிழை எப்படி நிகழ்கிறது என்று பார்க்கவேண்டும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் ஜெலட்டினுக்குள் வெள்ளி உப்பின் நுண்மணிகள் கிடக்கின்றன. கேமராவின் கதவு திறந்து மூடும் அந்தக் கணத்தில் ஒளி பட்ட மணிகளில் சில வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடி ஒரு பொட்டு உண்டாகிறது. ரொனால்டு கர்னியும் நெவில் மாட்டும் 1938இல் விளக்கிய கதை இது. ஒரு மணியில் ஏறத்தாழ நாலு அணுவாவது சேர்ந்திருந்தால்தான் டெவலப்பர் அதைக் கண்டுகொண்டு மணி முழுவதையும் கரிய வெள்ளியாக மாற்றும். நாலு அணுவின் பொட்டு கோடிக்கணக்கான மடங்கு பெருகிக் கண்ணுக்குத் தெரியும் கறுப்பாகிறது. பொட்டே விழாத மணியைப் பின்னால் வரும் ஹைப்போ என்ற கரைசல் கரைத்துக் கொண்டுபோய்விடும். ஆகவே ஒளி குறைவாகப் பட்ட நெகட்டிவில் நிழல் பகுதிகள் வெறும் கண்ணாடிபோல் தெளிவாக நிற்கும், அங்கே ஒன்றுமில்லை. கூடுதலாகப் பட்ட நெகட்டிவ் கரிபோல் அடர்ந்து கிடக்கும். பார்த்தால் பாழ் என்று தோன்றும், ஆனால் பெரும்பாலும் அதற்குள் எல்லாம் இருக்கும். ஒன்று வெறுமையின் பிழை, மற்றது மிகுதியின் பிழை. கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவு கெட்டதாகத் தெரியும். கழுவுகிறவருக்கு அவை இரண்டு வேறு உலகங்கள்.

எடுக்கும்போது செய்த தவற்றைக் கழுவும்போது சரிசெய்துகொள்ளலாம் என்று 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படக்காரர்கள் வெகுவாக நம்பியிருந்தார்கள். டெவலப்பரில் இதைக் கொஞ்சம் கூட்டி அதைக் கொஞ்சம் குறைத்தால் போதும் என்பது தொழில் ரகசியம்போல் கைமாறி வந்தது. அந்த நம்பிக்கையை உடைத்தவர்கள் இங்கிலாந்தின் விட்னெஸ் என்ற தொழிற்சாலை ஊரில் ஓர் ஆல்கலி ஆலையில் வேலை பார்த்த இருவர்: ஸ்விட்சர்லாந்தில் பிறந்த வேதியியலாளர் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், பொறியாளர் வெரோ சார்லஸ் டிரிஃபீல்டு. 1890இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, பட்ட ஒளிக்கும் படிந்த வெள்ளிக்கும் உள்ள உறவை ஒரு வளைகோடாக வரைந்து காட்டியது. ஒரு நெகட்டிவின் நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான விகிதம் ஒளி பட்ட கணத்திலேயே தீர்ந்துபோகிறது, டெவலப்பர் அதை மாற்ற முடியாது என்பது அவர்கள் முடிவு. விகிதக் கணக்கு எல்லா நிலையிலும் அப்படியே பொருந்தாது என்று பிற்பாடு தெரிந்தது. வளைகோடு நின்றது, இன்றும் ஃபிலிம் விற்கிறவர்கள் அதைத்தான் அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

இதைப் படித்து இடிந்துபோனவர் ஒருவர் உண்டு. பீட்டர் ஹென்றி எமர்சன் மருத்துவம் படித்தவர்; நார்ஃபோக் சதுப்புநிலங்களையும் அங்கே நாணல் அறுக்கிறவர்களையும் படமெடுத்தவர். புகைப்படமும் ஓவியத்துக்கு நிகரான கலையே என்று 1889இல் ஒரு நூலே எழுதி ஊரைக் கூட்டியிருந்தார். அடுத்த ஆண்டு முடிவதற்குள், தான் சொன்னதெல்லாம் தவறு என்று கறுப்புக் கரையிட்ட சிறு வெளியீடு ஒன்றைப் போட்டார், இழவுச் செய்தி மாதிரி. ஹர்ட்டர், டிரிஃபீல்டு சொன்னது அவர் தந்த காரணங்களில் ஒன்று. எல்லாம் அந்தக் கணத்திலேயே தீர்ந்துவிடுகிறதென்றால் கலைஞனுக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்டார். நம் மொழியில் சொன்னால், ஊழ் ஒன்றே உள்ளது, ஆள்வினைக்கு இடமில்லை என்ற முடிவுக்கு வந்தார். (இவ்வளவுக்கும் பிறகு படமெடுப்பதை அவர் விடவில்லை. அவருடைய மிக நுட்பமான தொகுப்பு என்று பலரும் கருதும் ‘மார்ஷ் லீவ்ஸ்’ 1895இல்தான் வந்தது. கொள்கையில் விதிவாதியாகவும் நடையில் முயற்சிக்காரராகவும் இருப்பது நம் ஊரிலும் அபூர்வமில்லை.)

எமர்சனுடைய கலக்கம் நமக்குப் பழக்கமானதுதான். திருக்குறளில் 38ஆம் அதிகாரம் ஊழ். 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. முதலாவதைப் படித்தால் எதைச் செய்தும் பயனில்லை என்று தோன்றும். இரண்டாவதைப் படித்தால் ஊழையே புறங்காணலாம் என்று தோன்றும். இரண்டையும் எழுதியவர் ஒருவர். உரைகாரர்கள் இதைப் பலவாறு இணக்கப் பார்த்திருக்கிறார்கள். மேலைநாட்டு இறையியலிலும் இதே முடிச்சு வேறு வடிவில் விழுந்தது: நடந்ததை நடவாததாக்கக் கடவுளால் முடியுமா? முடியாது என்று கிரேக்க நாடகாசிரியர் அகத்தான் சொன்னதை அரிஸ்டாட்டில் உடன்பட்டு எடுத்துக்காட்டினார். 11ஆம் நூற்றாண்டில் பீட்டர் டேமியன் என்ற துறவி, சர்வ வல்லமையுள்ள கடவுளுக்கு நேற்று என்ன, நாளை என்ன, எல்லாம் ஒன்றுதான் என்று எதிர்வாதம் செய்தார். இருநூறு ஆண்டு கழித்துத் தாமஸ் அக்குவினாஸ் திரும்பவும் முடியாது என்றார். நடந்தது நடக்கவில்லை என்பது முரண், முரணைச் செய்வது வல்லமையில் சேராது என்பது அவர் காரணம். வாதத்தில் அக்குவினாஸ் பக்கம்தான் வலு என்று நினைக்கிறேன். ஆனால் இந்த வழக்கில் வாதி, பிரதிவாதி இருவரும் ஒரு எண்ணத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்: மீட்பது என்றால் நடந்ததை மாற்றுவது. எமர்சனும் அதையே நினைத்தார். ஒளி பட்ட கணத்தை மாற்ற முடியவில்லையே என்று கைவிட்டார்.

அவருக்குப் பதில் அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் கிடைத்தது. புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் சாமா பள்ளத்தாக்கில் நாளெல்லாம் அலைந்துவிட்டுச் சாயங்காலம் சான்டா ஃபே நோக்கிக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் தேவாலயத்துக்குப் பின்னால் நிலா ஏறியிருந்தது. கல்லறைச் சிலுவைகளில் அந்திவெயிலின் கடைசிக் கீற்று. வண்டியை ஓரங்கட்டி, பெரிய தகட்டுக் கேமராவை நிறுத்திவிட்டார், ஒளிமானியைக் காணோம். வெயில் போகிற அவசரத்தில், நிலவின் பிரகாசம் ஒரு சதுர அடிக்கு 250 மெழுகுவத்தி என்று அவருக்கு மனப்பாடமாக இருந்த ஓர் எண் கைகொடுத்தது. அதிலிருந்து கணக்குப் போட்டு மஞ்சள் வடிகட்டியோடு எஃப் 32இல் ஒரு விநாடி திறந்தார். இரண்டாவதாக ஒன்று எடுக்கத் தகட்டைத் திருப்புவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. ஆக, இருந்தது ஒரே நெகட்டிவ். நிலவுக்குக் கணக்குச் சரி. முன்னால் கிடந்த புதர்வெளிக்கு எவ்வளவு ஒளி தேவை என்று அவருக்குத் தெரியாது. அது குறைவாகத்தான் பட்டிருந்தது. வானியலாளர்கள் நிலவின் இடத்தை வைத்துப் பின்னாளில் கணக்கிட்டு 1941 நவம்பர் 1 என்று நாள் சொன்னார்கள். ஆடம்ஸுக்கே ஆண்டு நினைவில்லை. ஒவ்வொரு சமயம் ஒவ்வொன்று சொல்லிவந்தார்.

இதற்குமேல் அவர் செய்தவைதான் நம் விசாரணைக்கு முக்கியம். நீர்த்த டெவலப்பரிலும் வெறும் தண்ணீரிலும் நெகட்டிவை மாற்றி மாற்றி இட்டுக் கழுவினார். தண்ணீரில் கிடக்கும்போது, ஒளி மிகுந்த இடங்களில் ஊறியிருந்த டெவலப்பர் சீக்கிரம் தீர்ந்து ஓய்ந்துவிடும். நிழல் இடங்களில் தீராமல் வேலை செய்துகொண்டே இருக்கும். அப்படியும் முன்நிலம் மெலிந்தே வந்தது. பல ஆண்டுகள் அந்த மெலிந்த நெகட்டிவோடு மல்லுக்கட்டிவிட்டு, 1948இல் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்: கீழ்ப்பகுதியை மட்டும் கோடக்கின் வலுவூட்டும் கரைசல் ஒன்றில் நனைத்தார். கை தவறினால் இருந்த ஒன்றும் போயிருக்கும். அந்தக் கரைசல் வெள்ளியின்மேல் வெள்ளியை ஏற்றும். இருக்கும் வெள்ளியின் விகிதத்துக்கே ஏற்றும். இரண்டு பங்கு இருந்த இடத்தில் அதற்கேற்ப, ஒரு பங்கு இருந்த இடத்தில் அதற்கேற்ப. ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றும் ஏறாது. அந்த ஒரே நெகட்டிவிலிருந்து அவர் ஆயுளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் போட்டார். தொடக்கத்தில் வானம் வெளிறி, மேகக் கீற்றுகளோடு இருந்தது. வயது ஏற ஏற அதை இருட்டாக்கிக்கொண்டே போனார். ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் வரைந்த அதே வளைகோட்டின்மேல்தான் ஃபிரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து 1940ஐ ஒட்டி அவர் தம்முடைய ஒளிமண்டல முறையை எழுப்பியிருந்தார். எமர்சனைப் பேச்சிழக்கச் செய்த அதே சட்டம் ஆடம்ஸுக்குக் கருவியாயிற்று. எமர்சன் அதில் எதை மாற்ற முடியாது என்பதைப் படித்தார். ஆடம்ஸ் எதை மாற்ற முடியும் என்பதையும் சேர்த்துப் படித்தார். ஊழும் ஆள்வினையும் ஒரே நூலில் இருக்கக் காரணம் எனக்கு இங்கேதான் தெளிகிறது: ஊழ் என்பது நெகட்டிவ், அதை வைத்துப் போடும் பிரதி ஆள்வினை. ஒன்றுக்கு மற்றது போட்டியில்லை.

நம் தர்க்க மரபில் இதற்கு நேரான வழக்கு ஒன்று உண்டு. காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறது, இல்லாதது ஒருநாளும் தோன்றாது என்பது சாங்கியரின் சற்காரியவாதம். சைவ சித்தாந்தமும் அதையே கொள்கிறது. எள்ளில் இருப்பதால் எண்ணெய் வருகிறது, மணலை ஆட்டினால் வராது. நையாயிகர் இதை ஒப்பமாட்டார்கள். எண்ணெய் ஏற்கெனவே இருந்தால் செக்கு எதற்கு, செக்காட்டி எதற்கு என்று கேட்பார்கள். பானை மண்ணிலேயே இருந்தால் குயவனுக்குக் கூலி ஏன் என்பார்கள். கழுவாத ஃபிலிம் இரு சாராருக்கும் இடம் கொடுக்கிறது. அதில் படம் இருக்கிறதா? நுண்ணோக்கி வைத்துத் தேடினாலும் தெரியாது. அந்த அளவில் நையாயிகர் சொல்வது சரி, டெவலப்பர் ஏதோ புதிதாகச் செய்கிறது. ஆனால் பொட்டு விழுந்த மணியில்தான் அது செய்கிறது. அந்த அளவில் சித்தாந்தியின் பக்கம் நியாயம். இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு, மூன்று அணு மட்டும் சேர்ந்த மணிகள் உண்டு: ஒளி பட்டது, ஆனால் போதவில்லை. டெவலப்பர் இவற்றைக் கண்டுகொள்ளாது. ஆனால் படமெடுத்தபின், கழுவுவதற்குமுன், மிக மிக மங்கிய ஒளியைச் சிறிது நேரம் ஃபிலிம் முழுவதிலும் படவிட்டால் இந்தக் குறைமணிகளில் பல நாலாவது அணுவைப் பெற்றுவிடும். ஒன்றுமே பெறாத மணிக்கு அந்த மங்கொளி ஏறத்தாழப் பயன்படாது. அருள் என்று சமயங்கள் சொல்வதை எனக்கு இதைவிடத் தெளிவாக விளக்கிய உவமை நூல்களில் கிடைக்கவில்லை. அது எல்லார்மேலும் ஒரே அளவாகப் படுகிறது, யாருக்கும் தனிச்சலுகை இல்லை. ஆனாலும் ஏதோ கொஞ்சம் ஏற்றிருந்தவரைத்தான் அது கரைசேர்க்கிறது.

ஆகையால் பிழைகளை அவற்றின் பெருமை சிறுமையால் எடைபோடுவது தவறு என்கிறேன். சுவடு எவ்வளவு விட்டுவைத்தது என்பதுதான் எடைக்கல். நெகட்டிவ் ஃபிலிமில் மிகுதியாகத் திறந்துவிட்டவன் அதிகம் கெடுத்தவன்போல் தெரிந்தாலும் அவனுக்கு வழியுண்டு: ஹோவர்டு ஃபார்மர் 1883இல் சொன்ன கரைசல் மிகையான வெள்ளியைக் கரைத்தெடுக்கும், பிரதி போடும்போது நேரம் கூட்டிப் பார்க்கலாம். குறைவாகத் திறந்தவனுக்கு மிஞ்சுவது, கூடுதல் நேரம் கழுவிப் புஷ் செய்வது என்ற ஏமாற்று; அதில் வெளிச்சம் இன்னும் வெளுக்கும், மணி பருக்கும், நிழல் அப்படியே கிடக்கும். நிழலுக்குப் பார்த்துத் திற, வெளிச்சத்துக்குப் பார்த்துக் கழுவு என்று தொழில்காரர்கள் சொல்லிவந்தது இதனால்தான். இதைப் புறநானூற்றின் 34ஆம் பாட்டோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். புலவர் ஆலத்தூர் கிழார் சோழன் கிள்ளிவளவனிடம் சொல்வது அது. பசுவின் மடியை அறுத்தவருக்கும் கருவைச் சிதைத்தவருக்கும்கூடக் கழுவாய் இருக்கிறதாம். நன்றியைக் கொன்றவருக்கு மட்டும் உய்வே இல்லையாம். படிக்கிறவருக்கு இது அநியாயமான தராசாகத் தோன்றும். கொலைக்குக் கழுவாய் உண்டு, மறதிக்கு இல்லையா? சுவட்டை வைத்துப் பார்த்தால் கணக்கு நேராகிறது. கொடுமை செய்தவன் உள்ளே அந்தக் கொடுமை பதிந்து கிடக்கிறது; அதைக் கழுவியெடுக்க ஏதோ இருக்கிறது. நன்றி கொன்றவன் தான் பெற்றதன் சுவட்டையே அழித்துவிட்டான். அவனுடைய ஃபிலிம் தெளிந்த கண்ணாடி.

வெறுமையின் பிழை தனிமனிதரோடு நிற்பதுமில்லை. கோடக் நிறுவனம் வண்ணப் பிரதிகளின் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய அட்டைகளில் வெகுகாலம் வெள்ளைப் பெண்களின் முகமே இருந்தது. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்த முகத்துக்குச் சரியாக வந்தால் எல்லாம் சரி. பள்ளிக்கூடக் குழுப்படங்களில் கறுப்பினக் குழந்தைகள் கண்ணும் பல்லுமாக மட்டும் வந்தார்கள். பிற்பாடு ஃபிலிம் திருந்தியதற்கு, பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று சாக்லேட், மரச்சாமான் விளம்பரக்காரர்கள் முறையிட்டதும் ஒரு காரணம் என்று கோடக்கில் இருந்தவரே சொல்லியிருக்கிறார். இதில் கொடூரம் என்று சொல்லத்தக்க செயல் ஒன்றையும் எவரும் செய்யவில்லை. நிழலுக்குத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் குழந்தைகளின் முகம் எந்த நெகட்டிவிலும் சரிவர இல்லை. நூறு ஆண்டு கழித்து மனம் திருந்தி வருகிறவருக்கும் அது கிடைக்காது.

ஸ்லைடு ஃபிலிம் தெரிந்தவர் இந்த இடத்தில் குறுக்கிடுவார். அதில் எல்லாம் தலைகீழ்: கூடுதலாகத் திறந்தால் வெளிச்சப் பகுதி வெறும் பிளாஸ்டிக்காகப் போய்விடும், குறைவாகத் திறந்தால் இருளுக்குள் ஓரளவு விவரம் ஒளிந்திருக்கும். அப்படியானால் மிகுதி மன்னிக்கத்தக்கது, குறை மன்னிக்கத்தகாதது என்ற பேச்சு என்னாவது? அப்படி நான் பொதுவிதி வகுக்கவில்லை. ஸ்லைடிலும் எங்கே சாயம் ஒன்றும் மிஞ்சவில்லையோ அங்கேதான் மீட்சி நின்றுபோகிறது. எந்தப் பக்கம் பிழைத்தால் சுவடு அழியும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். அவரவர் கையில் இருப்பது எந்த ஃபிலிம் என்று தெரிந்துவைத்திருப்பதும் அறத்தின் பாற்பட்டதே.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கவர்ச்சியானது. பிழையிலிருந்தே பெரும்பேறு வந்ததுண்டே, பிறகு ஏன் பிழைக்கு இவ்வளவு வருந்தவேண்டும் என்பது. 1896 பிப்ரவரிக் கடைசியில் பாரிஸில் வெயிலே இல்லை. ஆன்ரி பெக்கரல் யுரேனிய உப்பை வெயிலில் வைத்துச் செய்யவேண்டிய சோதனையைத் தள்ளிப்போட்டு, உப்பையும் சுற்றிய தகட்டையும் மேசை இழுப்பறையில் போட்டுவைத்தார். மார்ச் 1ஆம் தேதி அந்தத் தகட்டைக் கழுவினால், வெயிலே படாமல் கருத்திருந்தது. கதிரியக்கம் வெளிப்பட்ட விதம் அது. ஆதாமின் பாவத்தையே நற்பேறு என்று போற்றும் வழக்கம் கத்தோலிக்கரின் ஈஸ்டர் இரவு வழிபாட்டில் இருக்கிறது. அந்த மனநிலைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெயில் படாத தகட்டைத் தூக்கியெறிய அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது, எறியாமல் கழுவினார். புண்ணியம் கழுவியதற்குச் சேரவேண்டியது. கெட்டுப்போன ஃபிலிம் எப்போதும் நல்ல செய்தி கொண்டுவரும் என்றும் இல்லை. 1945இல் கோடக்கின் எக்ஸ்ரே ஃபிலிம்களில் காரணம் தெரியாத புள்ளிகள் விழுந்தன. அந்நிறுவனத்தின் ஜூலியன் வெப் துப்புத் துலக்கிப் பார்த்ததில், ஃபிலிமைப் பொதிந்த வைக்கோல் அட்டை இண்டியானா மாநிலத்து ஆலை ஒன்றில் ஆற்றுநீரால் செய்யப்பட்டது என்றும், ஜூலை 16ஆம் தேதி நியூ மெக்சிகோப் பாலையில் வெடித்த முதல் அணுகுண்டின் சாம்பல் அந்தத் தண்ணீரில் கலந்தது என்றும் தெரிந்தது. ஆடம்ஸ் நிலாவை எடுத்தது அதே மாநிலத்தில், நாலே ஆண்டுகளுக்கு முன். உலகத்துக்கே மறைத்த செயலுக்குச் சாட்சியாக, எங்கோ ஒரு பெட்டிக்குள் மூடியிருந்த ஃபிலிமில் புள்ளி விழுந்தது. வினை பதியாமல் போகும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

மீட்பு என்ற பெயரில் நடக்கும் மோசடியைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். 1860களில் பாஸ்டன் நகரத்தில் வில்லியம் மம்லர் என்ற செதுக்குவேலைக்காரர் எடுத்த படங்களில், உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் மங்கலாக இன்னொரு உருவம் தெரிந்தது. ஏற்கெனவே படமெடுத்த தகட்டைச் சரியாகத் துடைக்காமல் மறுபடி பயன்படுத்தினாலோ இருமுறை ஒளி படவிட்டாலோ அப்படி வரும். அவர் அதை இறந்தவரின் ஆவி என்றார். உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர் மாண்டிருந்த நாடு. வீட்டுக்கு வீடு அழுகை. ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். கணவனை இழந்த மேரி லிங்கனும் போய் உட்கார்ந்து, தோள்மேல் கைவைத்து நிற்கும் லிங்கனோடு படம் வாங்கிவந்தார். 1869இல் நியூ யார்க்கில் வழக்கு நடந்தது. போதிய நிரூபணம் இல்லையென்று மம்லர் விடுவிக்கப்பட்டார். அந்த மங்கல் உருவம் பொய்யல்ல. யாரோ ஒருவர் மெய்யாகவே அந்தத் தகட்டின்முன் இருந்திருக்கிறார். அதற்கு வைத்த பெயர்தான் பொய். கறுத்துப்போன நிழலுக்குள் இல்லாத முகத்தை ஊகித்து வரைந்து கொடுக்கும் இன்றைய மென்பொருள் இன்னும் ஒருபடி மேலே போகிறது. அங்கே சுவடே இல்லை, பல்லாயிரம் வேறு முகங்களின் சராசரி இருக்கிறது. துயரப்படுகிறவருக்கு அது ஆறுதல் தரலாம். மம்லரின் படமும் தந்தது. பார்ப்பதற்கு அழகாக இருப்பதை நான் மறுக்கவில்லை. அதை மீட்டது என்று சொல்லாதீர்கள் என்பதுதான்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஃபிலிம் சடம், அதற்கு நோவு இல்லை. மனிதன் செய்யும் பிழையில் இன்னொரு மனிதன் நோகிறான். சுவட்டிலிருந்து ஏதோ ஒன்று வரும் என்று பேசுவது, செய்தவனுக்குச் சுகமான தத்துவம். பட்டவனுக்கு அதனால் என்ன? இந்தக் கேள்விக்குமுன் உவமை கொஞ்சம் தள்ளாடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சரியாகப் பிடித்தால் அது செய்தவனுக்கு எதிராகவே திரும்பும். பிழை எங்கே பதிகிறது? செய்தவன் உள்ளத்தில் ஒரு பங்குதான், பெரும்பங்கு பட்டவன்மேல். நெகட்டிவ் அவன் வசம் இருக்கிறது. அவனைக் கேட்காமல், அவன் நினைவைத் தொடாமல், செய்தவன் தன் இருட்டறைக்குள் தனியே கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் கழுவாய் எதைக் கழுவும்? தண்ணீரைத்தான். கடவுளிடம் கேட்டாயிற்று, மனிதனிடம் எதற்கு என்று நினைக்கிற பக்தி எல்லாச் சமயத்திலும் உண்டு. எல்லாச் சமயத்தின் நல்ல ஆசிரியர்களும் அதைக் கண்டித்திருக்கிறார்கள். சைவ சித்தாந்தம் இதில் கறாரானது. குருவின் தீட்சையால் சேமிப்பிலுள்ள சஞ்சித வினை எரியலாம், மேல்வரும் ஆகாமியம் ஒட்டாமல் போகலாம். உடம்பாக வந்து பலன் கொடுக்கத் தொடங்கிவிட்ட பிராரத்தத்தை மட்டும் அனுபவித்தே தீர்க்கவேண்டும். அவ்வளவு பெரிய அருளுக்கும் அந்த ஓர் இடத்தில் நடந்தது நடந்ததாகவே நிற்கிறது.

எத்தனை காலம் ஒரு சுவடு காத்திருக்கும் என்று கேட்டால், சுவீடனில் ஒரு விடை இருக்கிறது. ஆந்த்ரே என்ற பொறியாளர் இருவரைச் சேர்த்துக்கொண்டு 1897 ஜூலை 11ஆம் தேதி பலூனில் வடதுருவம் நோக்கிக் கிளம்பினார். மூன்றே நாளில் பலூன் பனியில் இறங்கிவிட்டது. தெற்கே வந்து ஒரு வெறுந்தீவில் மூவரும் மாண்டார்கள். அவர்களில் இளையவரான நில்ஸ் ஸ்டிரிண்ட்பெரி வழியெல்லாம் படம் எடுத்திருந்தார். 1930இல் ஒரு கப்பல் தற்செயலாக அந்தத் தீவில் ஒதுங்கியதை அடுத்து உடல்களும் கேமராவும் ஃபிலிம் சுருள்களும் கிடைத்தன. முப்பத்துமூன்று ஆண்டு பனியிலும் ஈரத்திலும் கிடந்தவற்றை ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெரி கழுவினார். கறையும் கீறலுமாக வந்தன. கவிழ்ந்து கிடக்கும் பலூன், அதைப் பார்த்து நிற்கும் இரண்டு பேர், சுட்ட கரடி. அந்தக் கறைகளோடேயே இன்றுவரை அவை அச்சாகின்றன. ஒளி பட்டிருந்த படங்கள் 240, வந்தவை 93.